பாப்பா... ஒரு உதை விடு, ப்ளீஸ்!

ஊட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஃபைனல் இயர் டூர், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, மலை ரயில், வர்க்கி, சாக்லேட், குளிர்ல பல்லு தந்தியடிக்க எடுத்த குரூப் போட்டோ... இதானே?

பஸ் ஜன்னல் வழியா தேயிலைத் தோட்டத்தைப் பார்த்து 'வாவ்' சொல்லாத ஆளே கிடையாது. ஆனா அந்தப் பச்சைச் சரிவுல கொழுந்து பறிக்கிற அக்காக்களைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. அவங்கள்ல ஒருத்தர் ஆறு மாச கர்ப்பிணியா இருக்கலாம். கூடலூர், பந்தலூர் பக்கம் காட்டோரக் குடியிருப்புல இருக்கிற ஓர் ஆதிவாசிப் பெண்ணுக்கு அடுத்த மாசம் பிரசவமா இருக்கலாம். எஸ்டேட்டோ, காடோ, கோயம்புத்தூர் ஃப்ளாட்டோ... எங்க இருந்தாலும் அவங்க மனசுல ஓடுற கேள்வி ஒண்ணுதான். ''உள்ள இருக்கிற புள்ள நல்லா இருக்கா?''

'நாங்க காலேஜ் ஸ்டூடன்ட்ஸ் பாஸ்... எங்களுக்கு எதுக்கு இந்தப் பிரசவ மேட்டர்?'னு பக்கத்தைத் திருப்பாதீங்க. உங்க அக்காவோ அண்ணியோ இப்ப முழுகாம இருக்கலாம். நாளைக்கு நீங்களே அப்பாவாகலாம், அம்மாவாகலாம். நர்ஸிங், பயோ-மெடிக்கல், சோஷியல் வொர்க் படிக்கிறவங்களுக்கு இது சிலபஸ்லயே இருக்கு. எல்லாத்துக்கும் மேல, சரியான நேரத்துல நீங்க கேட்கிற ஒரே ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாத்தலாம். அது என்ன கேள்வின்னு கடைசியில பார்ப்போம்.

பார்க்காமலே எப்படிப் பார்க்கிறது?

சாதாரணமா டாக்டர்கிட்ட போனா நாக்கை நீட்டச் சொல்வாங்க, நாடி பார்ப்பாங்க, 'எங்க வலிக்குது?'ன்னு கேட்பாங்க. இந்தப் பேஷன்ட் விஷயத்துல அந்தப் பாச்சா பலிக்காது. இருட்டுல, தண்ணிக்குள்ள, தலைகீழா தொங்கிக்கிட்டு இருக்கிற ஆளுகிட்ட என்னத்தைக் கேட்கிறது?

முதல்ல காதை வெச்சுத்தான் கேட்டாங்க. 1821-ல பிரான்ஸ் நாட்டு டாக்டர் கெர்காரடெக், கர்ப்பிணி ஒருத்தரோட வயித்துல ஸ்டெதாஸ்கோப்பை வெச்சார். குழந்தை அசையும்போது தண்ணி தளும்புற சத்தம் கேட்குமான்னு பார்க்கத்தான் வெச்சார். கேட்டதோ கைக்கடிகாரம் மாதிரி 'டிக் டிக் டிக்'. அது குழந்தையோட இதயத்துடிப்பு! 1895-ல இன்னொரு பிரெஞ்சு டாக்டர் பினார்ட், புனல் மாதிரி ஒரு மரக்குழாயைச் செஞ்சார். கரன்ட் வேண்டாம், பேட்டரி வேண்டாம். உலகத்துல பல ஊர்கள்ல நர்ஸுங்க இன்னிக்கும் அதை யூஸ் பண்றாங்க.

மெக்கானிக்கல் பசங்க கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். ஸ்கேன் மெஷினோட தாத்தா உங்க டிபார்ட்மென்ட்தான். பெரிய பெரிய பாய்லர்கள்ல விரிசல் இருக்கான்னு கண்டுபிடிக்க ஒலி அலைகளை வெச்சு டெஸ்ட் பண்ணிக்கிட்டிருந்தாங்க. ஸ்காட்லாந்துல கிளாஸ்கோ நகரத்து டாக்டர் இயன் டொனால்டு, 'இரும்புக்குள்ள பார்க்க முடிஞ்சா வயித்துக்குள்ள பார்க்க முடியாதா?'ன்னு யோசிச்சார். 1958-ல அவரும் அவர் டீமும் அல்ட்ராசவுண்ட் படங்களோட வெளியிட்ட கட்டுரை, பிரசவ மருத்துவத்தையே புரட்டிப் போட்டது.

ஹாஸ்டல்ல கரன்ட் போனா...

டெஸ்ட்டுகளைப் புரிஞ்சுக்க, உள்ளே என்ன நடக்குதுன்னு முதல்ல தெரியணும்.

குழந்தைக்குச் சாப்பாடு, ஆக்ஸிஜன் ரெண்டுக்கும் ஒரே சப்ளை லைன்... நஞ்சு. அதாவது பிளாசென்டா. அங்கேயிருந்து தொப்புள்கொடி வழியாத்தான் எல்லாம் போகுது. அம்மாவுக்கு பி.பி. எகிறினா, சர்க்கரை இருந்தா, ரத்தம் ரொம்பக் குறைஞ்சா, இந்த சப்ளையில கை வெச்ச மாதிரி.

உங்க ஹாஸ்டல்ல கரன்ட் போயிடுச்சு. ஜெனரேட்டர்ல டீசல் கொஞ்சம்தான் இருக்கு. வார்டன் என்ன பண்ணுவார்? முதல்ல கீஸரை ஆஃப் பண்ணுவார். அப்புறம் டி.வி., அப்புறம் ஃபேன். கடைசி வரைக்கும் ஒரே ஒரு டியூப் லைட்டை மட்டும் விட்டு வைப்பார். அதே டெக்னிக்கைத்தான் குழந்தையும் ஃபாலோ பண்ணுது. ஆக்ஸிஜன் குறைஞ்சா, ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பி விட்டுடும். கிட்னிக்குப் போற ரத்தம் குறையும். கிட்னிக்கு ரத்தம் குறைஞ்சா யூரின் குறையும். குழந்தையைச் சுத்தி இருக்கிற பனிக்குட நீர்ல பெரும்பங்கு அதோட யூரின்தான்! (முகத்தைச் சுளிக்காதீங்க... நாம எல்லாரும் அதுல நீந்தினவங்கதான்.) அதனால தண்ணியும் குறைய ஆரம்பிக்கும்.

அடுத்து எனர்ஜி சேமிப்பு. இதயத்துடிப்புல வழக்கமா வர்ற துள்ளல் முதல்ல அடங்கும். பிறகு, மூச்சு விடுறதுக்கு உள்ளேயே எடுக்கிற ரிகர்சல் நிக்கும். அதுக்கப்புறம் கை கால் அசைவு குறையும். கடைசியாத்தான் உடம்பு துவளும். இந்த வரிசையில குழந்தை இப்ப எந்தப் படியில நிக்குதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் எல்லா டெஸ்ட்டோட வேலையும்.

நாலு டெஸ்ட், ஒரு இஞ்ச் டேப்

முதல்ல இஞ்ச் டேப். தையல்கடையில இருக்கிற அதே டேப்தான். கர்ப்பப்பை எவ்வளவு உயரம் வளர்ந்திருக்குன்னு நர்ஸ் அளப்பாங்க. 24 வாரத்துக்கு அப்புறம், எத்தனை வாரமோ ஏறக்குறைய அத்தனை சென்டிமீட்டர் இருக்கணும். 32 வாரத்துல 27 சென்டிமீட்டர்தான் இருக்குன்னா, 'எதுக்கும் ஒரு ஸ்கேன் பார்த்துடலாம்'னு அர்த்தம்.

டெஸ்ட் 1: உதை எண்ணுறது. செலவு சுத்தமா ஜீரோ. ஏழாவது மாசத்திலேர்ந்து, குழந்தை நல்லா ஆடுற நேரமாப் பார்த்து, இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கிட்டு அசைவுகளை எண்ணணும். ரெண்டு மணி நேரத்துக்குள்ள 10 அசைவுங்கிறது பரவலா இருக்கிற கணக்கு. உதை, உருளல், குத்து எல்லாம் சேர்த்தி. விக்கல் சேர்த்தி இல்லை. நம்பரைவிட முக்கியம் ஒண்ணு இருக்கு... ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு டைம் டேபிள் உண்டு. அது மாறினா அம்மாவுக்குத் தெரியும். அந்த மாற்றம்தான் மணி அடிக்கிற விஷயம்.

டெஸ்ட் 2: என்.எஸ்.டி. நான்-ஸ்ட்ரெஸ் டெஸ்ட். வயித்துல ரெண்டு பெல்ட் கட்டி, குழந்தையோட இதயத்துடிப்பைப் பேப்பர்ல கிராஃபா எடுப்பாங்க. நிமிஷத்துக்கு 110-லிருந்து 160 வரைக்கும் துடிப்பு நார்மல். ஆனா கோடு ஸ்ட்ரெய்ட்டா போனா டாக்டருக்குப் பிடிக்காது. குழந்தை அசையும்போது துடிப்பும் எகிறணும். 20 நிமிஷத்துல ரெண்டு தடவையாவது, 15 துடிப்பு அளவுக்கு, 15 செகண்ட் எகிறினா 'பாஸ்'. எகிறலைன்னா உடனே ஃபெயில் இல்லை. பாப்பா தூங்கிட்டிருக்கலாம். இன்னொரு 20 நிமிஷம் வெயிட் பண்ணுவாங்க. சில இடங்கள்ல வயித்துமேல ஒரு சின்ன கருவியை வெச்சு 'பீப்'னு சத்தம் கொடுத்து எழுப்புவாங்க. ஆமா, ஏழாவது மாசத்துல குழந்தைக்குக் காது கேட்கும். வளைகாப்புல அண்ணி கைநிறைய வளையல் குலுக்கும்போது உள்ளே ஒரு ரசிகர் இருக்கார்!

டெஸ்ட் 3: பயோஃபிசிகல் ப்ரொஃபைல். டாக்டர் ஃபிராங்க் மேனிங்கும் அவர் டீமும் 1980-ல வெளியிட்ட ஐடியா இது. குழந்தைக்கு வெக்கிற இன்டர்னல் எக்ஸாம்னு வெச்சுக்குங்களேன். மொத்தம் 10 மார்க். ஸ்கேன்ல மூச்சு ரிகர்சல், உடம்பு அசைவு, கை கால் மடக்கி நீட்டுறது, பனிக்குட நீர் அளவு... இதோட என்.எஸ்.டி. ஒவ்வொண்ணுக்கும் 2 மார்க். 8 அல்லது 10 எடுத்தா பொதுவா நிம்மதி. 6 எடுத்தா சீக்கிரமே ரீ-டெஸ்ட். 4-ம் அதுக்குக் கீழயும்னா, பிரசவத்தைப் பத்திப் பேச வேண்டிய நேரம்.

டெஸ்ட் 4: டாப்ளர். பிளஸ் டூ ஃபிசிக்ஸ் ஞாபகம் இருக்கா? நீலகிரி மலை ரயில் விசில் அடிச்சுக்கிட்டே நம்மை நோக்கி வரும்போது ஒரு மாதிரியும், தாண்டிப் போகும்போது வேற மாதிரியும் கேட்கும். 1842-ல ஆஸ்திரிய விஞ்ஞானி கிறிஸ்டியன் டாப்ளர் சொன்ன அதே தத்துவம்தான். ரயிலுக்குப் பதிலா தொப்புள்கொடியில ஓடுற ரத்தம்! ஒவ்வொரு துடிப்புக்கும் நடுவுல ரத்தம் முன்னாடி ஓடிக்கிட்டே இருக்கணும். அந்த இடைவெளியில ஓட்டம் நின்னாலோ, ரிவர்ஸ்ல வந்தாலோ, நஞ்சு சரியா வேலை செய்யலைன்னு அர்த்தம். ரிவர்ஸ் அடிச்சா நிலைமை ரொம்ப சீரியஸ்.

யாருக்கு இதெல்லாம் வேணும்?

எல்லாருக்கும் வாராவாரம் வேண்டாம். 'ஹை ரிஸ்க்'னு சொல்ற கர்ப்பங்களுக்குத்தான். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை, கடுமையான ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, போன தடவை வயித்துலேயே குழந்தை இறந்தது, ஸ்கேன்ல வளர்ச்சி கம்மி, நாள் தாண்டிப் போறது... இப்படி ஒரு லிஸ்ட் இருக்கு. 2016-லேர்ந்து ஒவ்வொரு மாசமும் 9-ம் தேதி அரசு மருத்துவமனைகள்ல கர்ப்பிணிகளுக்குன்னே நடக்கிற சிறப்பு முகாம்ல, ஹை ரிஸ்க் அம்மாக்களோட அட்டையில ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவாங்க. 'இவங்களை ஸ்பெஷலா கவனி'ங்கிற சிக்னல் அது.

நீலகிரியில இந்த லிஸ்ட்டுல ஸ்பெஷலா ரெண்டு வில்லன்கள் உண்டு.

முதல் வில்லன் ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுப்படி, இந்தியாவுல கர்ப்பிணிகள்ல பாதிக்கும் மேல ரத்தசோகைதான். கர்ப்ப காலத்துல ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே போனா ரத்தசோகை. 7-க்குக் கீழே போனா கடுமையானது. சத்து மாத்திரை ஃப்ரீயா கிடைக்குது. ஆனா டீ ஊர்ல ஒரு சிக்கல்... டீயில இருக்கிற டானின், மாத்திரையில இருக்கிற இரும்புச்சத்தை உடம்புல சேர விடாது. டீயோட சேர்த்து மாத்திரையை முழுங்கினா, பாதி வீண். மாத்திரைக்கும் டீக்கும் நடுவுல ஒரு மணி நேரமாவது கேப் விடணும். தேயிலை பறிக்கிற கைக்கே தேயிலை வில்லனாகலாம் பாருங்க!

இரண்டாவது வில்லனுக்கு நீலகிரியில ஒரு சரித்திரமே இருக்கு.

அரிவாள் வடிவத்துல ஒரு ரத்தம்

1952-ல லேமன், கட்புஷ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் நீலகிரி மலையில வாழும் பழங்குடி மக்களோட ரத்தத்தைச் சோதிச்சாங்க. மைக்ராஸ்கோப்புல பார்த்தா சில பேரோட சிவப்பணுக்கள் வட்டமா இல்லாம, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைஞ்சிருந்தது. சிக்கிள் செல்! பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளி மக்கள்கிட்ட பார்த்த விஷயம். இந்தியப் பழங்குடிகள்கிட்டேயும் இது இருக்குன்னு உலகத்துக்குத் தெரிய வந்தது நம்ம நீலகிரியிலேர்ந்துதான்.

அப்பாகிட்டேயிருந்தோ அம்மாகிட்டேயிருந்தோ ஒரு ஜீன் மட்டும் வந்தா பெரும்பாலும் பிரச்னை இல்லை. மலேரியாவுக்கு எதிரா ஒரு பாதுகாப்புகூட கிடைக்கும். காட்டுப் பகுதிகள்ல இந்த ஜீன் தலைமுறை தலைமுறையாத் தங்கினதுக்கு அதுதான் காரணம். ஆனா ரெண்டு பேர்கிட்டேயிருந்தும் வந்தா, சிக்கிள் செல் நோய். ரத்தசோகை, உயிர் போற மாதிரி மூட்டு வலி, அடிக்கடி இன்ஃபெக்ஷன்.

இந்த நோய் இருக்கிற பெண் கர்ப்பமானா? வளைஞ்ச அணுக்கள் நஞ்சுல இருக்கிற நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைச்சிடும். நாம சொன்னோமே சப்ளை லைன்... அதுலேயே டிராஃபிக் ஜாம். குழந்தை வளர்ச்சி குறையலாம், குறைமாசத்துல பிறக்கலாம், உள்ளேயே இறந்தும் போகலாம். அதனாலதான் இப்படிப்பட்ட அம்மாக்களுக்கு 24 வாரத்திலேர்ந்து நாலு வாரத்துக்கு ஒரு தடவை குழந்தை வளர்ச்சியை ஸ்கேன் பண்ணணும்னு பிரிட்டிஷ் மகப்பேறு மருத்துவர்களோட வழிகாட்டுதல் சொல்லுது.

1952-ல கண்டுபிடிச்சாச்சு. நாடு முழுக்க சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டம் எப்ப ஆரம்பிச்சது தெரியுமா? 2023 ஜூலை 1. நடுவுல 71 வருஷம். அந்த மக்களை வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை வந்துடுச்சு. வைத்தியம் வர லேட்டாச்சு.

கூடலூர்ல ஒரு ஆஸ்பத்திரி

இந்த இடைவெளியில சும்மா இல்லாதவங்களும் இருக்காங்க. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை அதுக்கு சாட்சி.

'அக்கார்டு' அமைப்பு 1980-கள்ல கூடலூர் பகுதி ஆதிவாசிகளோட நில உரிமைக்காக வேலையை ஆரம்பிச்சது. மக்களோட பழகினா, நிலத்தோட சேர்ந்து உடம்பும் பிரச்னை. 1987-ல டாக்டர்கள் தேவதாசன், ரூபா தம்பதி அங்கே சுகாதார வேலையைத் தொடங்கினாங்க. குடியிருப்புகளுக்கு நடந்தே போய், அங்கேயே சிலரைச் சுகாதாரப் பணியாளர்களாப் பயிற்சி கொடுத்தாங்க. கர்ப்பிணிகளைக் கண்டுபிடிச்சுச் செக்கப் பண்ணுறது அவங்களோட முக்கியமான வேலை. 1990-ல 'அஸ்வினி' அமைப்போட ஆஸ்பத்திரி உருவாச்சு. சர்ஜன் நந்தகுமார் மேனன், மகப்பேறு மருத்துவர் ஷைலஜா தேவி தம்பதி அங்கேயே தங்கி வேலை பார்த்தாங்க.

இதுல 'அட!' போட வைக்கிற விஷயம் என்னன்னா... நர்ஸ் வேலைக்கு வெளியூர்லேர்ந்து ஆள் எடுக்கலை. பணியர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர், காட்டுநாயக்கர், இருளர் சமூகத்துப் பெண்களுக்கே டிரெய்னிங் கொடுத்தாங்க. ஆஸ்பத்திரின்னாலே பயந்துக்கிட்டு இருந்த ஓர் அம்மாகிட்ட, அவங்க பாஷையிலேயே 'புள்ள அசையுதாக்கா?'ன்னு கேட்கிற ஆள் வெள்ளை யூனிஃபார்ம்ல நின்னா எப்படி இருக்கும்? அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் கிடைக்கும். சிக்கிள் செல் நோய் இருக்கிறவங்களைத் தேடிக் கண்டுபிடிச்சு, தொடர்ந்து வைத்தியம் பார்க்கிறதையும் இந்த ஆஸ்பத்திரி பல வருஷமா செஞ்சுக்கிட்டிருக்கு.

எஸ்டேட் பக்கமும் ஒரு கதை உண்டு. 1964-ல போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கை மலையகத்திலேர்ந்து தமிழர்கள் இங்க திரும்பினாங்க. அவங்களுக்கு வேலை கொடுக்க 1968-ல அரசு தேயிலைத் தோட்டங்கள் உருவாச்சு. இன்னிக்கு நாம 'டேன்டீ'ன்னு சொல்றது அதைத்தான். எஸ்டேட்டுல மருத்துவ வசதியும் குழந்தைகள் காப்பகமும் கொடுத்தே ஆகணும்னு 1951-லேயே தோட்டத் தொழிலாளர் சட்டம் சொல்லிச்சு. ஆனா எஸ்டேட் டிஸ்பென்சரியில பி.பி. பார்க்கலாம், மாத்திரை கொடுக்கலாம். டாப்ளருக்கு டவுனுக்குத்தான் போகணும். அங்கேதான் அடுத்த வில்லன் என்ட்ரி.

மலை, மழை, கொண்டை ஊசி வளைவு

ஒரு கணக்குப் போடுவோம். ராத்திரி 9 மணி. கூடலூர் பக்கம் ஒரு குடியிருப்பு. எட்டு மாச கர்ப்பிணி. மதியத்திலேர்ந்து அசைவு கம்மி. ஆட்டோ வரும் ரோடு வரைக்கும் நடக்கணும். வழியில யானை நிக்கலாம். அங்கேயிருந்து ஆஸ்பத்திரி. 'பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க'ன்னு சொன்னா, கூடலூரிலேர்ந்து ஊட்டிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். எல்லாம் வளைவு, ஏற்றம், பனிமூட்டம். கோயம்புத்தூர்னா இன்னும் கீழே இறங்கணும். 2009 நவம்பர்ல பெய்ஞ்ச மழையில ஏற்பட்ட நிலச்சரிவுல நீலகிரியில 40-க்கும் மேற்பட்டவங்க இறந்தாங்க. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 80 சென்டிமீட்டருக்கு மேல மழை. அந்த மாதிரி நாள்ல ரோடே இருக்காது.

இதனாலதான் இந்த டெஸ்ட்டுகளைத் தனித்தனியா பார்க்கக்கூடாது. இது ஒரு சங்கிலி. அம்மாவோட கை, நர்ஸோட காது, மெஷின், வண்டி, ஆபரேஷன் தியேட்டர், பச்சிளங்குழந்தை வார்டு... இதுல ஒரு கண்ணி அறுந்தாலும் மீதி வேஸ்ட். சூப்பர் மெஷின் இருந்து, ரிப்போர்ட் பார்க்க ஆள் இல்லைன்னா? ரிப்போர்ட் வந்து, வண்டி இல்லைன்னா? கிராஃப் பேப்பர் அழகா ஃபைல்ல இருக்கும், குழந்தை இருக்காது.

சங்கிலியைப் பலப்படுத்துற வேலைகளும் நடந்திருக்கு. 2008-ல தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. மலை, பழங்குடிப் பகுதிகள்ல சில ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல 'பிரசவ காத்திருப்பு அறை' இருக்கு. தேதி நெருங்கும்போதே வந்து தங்கிக்கலாம். கடைசி நிமிஷத்துல வளைவு வளைவா ஓட வேண்டாம். சிம்பிள் ஐடியா, ஆனா சூப்பர் ஐடியா. ஊட்டியில அரசு மருத்துவக் கல்லூரி வந்து, 2025 ஏப்ரல் 6-ம் தேதி 700 படுக்கைகளோட புது ஆஸ்பத்திரியும் திறந்தாச்சு. 'எல்லாத்துக்கும் கோயம்புத்தூர் ஓடு'ங்கிற நிலைமை மாற இது ஒரு பெரிய படி.

டெஸ்ட்ல பிரச்னைன்னு தெரிஞ்சா அடுத்து என்ன? பெரும்பாலும் ரெண்டே ரெண்டு சாய்ஸ்தான். உள்ளேயே வெச்சு நெருக்கமா கவனிக்கிறது, இல்லை வெளியே எடுக்கிறது. குறைமாசத்துல எடுக்கணும்னா, முன்னாடியே அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க. அது குழந்தையோட நுரையீரலைத் தயார் பண்ணும். 1972-ல நியூசிலாந்து டாக்டர்கள் லிகின்ஸ், ஹோவி நிரூபிச்ச விஷயம் இது. ஆனா ஊசி முழுசா வேலை செய்ய ஒண்ணு ரெண்டு நாள் வேணும். அதாவது, முன்கூட்டியே தெரியணும். அசைவு குறைஞ்ச அன்னிக்கே கிளம்பி வந்த அம்மாவுக்கு அந்த டைம் கிடைக்கும். 'நாளைக்குப் பார்க்கலாம்'னு இருந்தவங்களுக்குக் கிடைக்காம போகலாம்.

டெஸ்ட் பொய் சொல்லுமா?

நல்ல கேள்வி. சில சமயம் சொல்லும்.

என்.எஸ்.டி. நார்மல்னு வந்தா பெரும்பாலும் நம்பலாம். நார்மல் இல்லைன்னு வந்தா, பல தடவை அது வீண் பயம். குழந்தை தூங்கியிருக்கும், அவ்வளவுதான். அந்த ஒரு பேப்பரை மட்டும் பார்த்துக் கத்தியைத் தூக்கினா, தேவையில்லாத சிசேரியன்தான் கூடும். அதனாலதான் ஒண்ணு சந்தேகம்னா இன்னொண்ணை வெச்சு உறுதி பண்றாங்க. உலகம் முழுக்க நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததுல, ஹை ரிஸ்க் கர்ப்பங்கள்ல தொப்புள்கொடி டாப்ளர் பார்க்கிறது குழந்தை இறப்பைக் குறைக்குதுன்னு தெரிய வந்திருக்கு. என்.எஸ்.டி.-யை மட்டும் வெச்சு அப்படிச் சொல்ல ஆதாரம் போதலை.

உதை எண்ணுறது? பிரிட்டன், அயர்லாந்துல நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட கர்ப்பங்களை வெச்சு ஒரு பிரமாண்டமான ஆய்வு நடந்து, 2018-ல ரிசல்ட் வந்தது. அசைவு குறைஞ்சா உடனே வரணும்னு அம்மாக்களுக்குச் சொல்லிக் கொடுத்து, வந்தவங்களை ஒரே முறையில கவனிச்சாங்க. வயித்துல குழந்தை இறக்கிறது பெரிசா குறைஞ்ச மாதிரி நிரூபிக்க முடியலை. ஆனா சிசேரியன் கூடிச்சு. 'அப்ப எண்ணவே வேண்டாமா?'ன்னு அவசரப்படாதீங்க. ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்துல இருக்கிற நாட்டு ரிசல்ட் அது. அசைவு குறைஞ்சா ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கிறதுல டாக்டர்களுக்குள்ள சண்டையே இல்லை. எண்ணிக்கை ஒரு மந்திரம் கிடையாதுங்கிறதுதான் பாடம். எண்ணினதுக்கப்புறம் என்ன நடக்குதுங்கிறதுலதான் எல்லாமே இருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். ஸ்கேன் ரூம்ல 'ஆணா, பெண்ணா?'ன்னு கேட்கிறதும் தப்பு, சொல்றதும் தப்பு. 1994 சட்டப்படி குற்றம். 'நல்லா இருக்கா?'... அது மட்டும்தான் அங்கே கேட்க வேண்டிய கேள்வி.

சரி... நாம என்ன பண்ணலாம்?

* வீட்டுல யாராவது கர்ப்பமா இருந்தா, முதல் மூணு மாசத்துக்குள்ள சுகாதார நிலையத்துல பதிவு பண்ண வையுங்க. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேர்ல இருக்கிற மகப்பேறு நிதியுதவிக்கும் இதான் முதல் படி.

* அட்டையைப் புரட்டிப் பாருங்க. பி.பி., ஹீமோகுளோபின், எடை, அடுத்த செக்கப் தேதி. சிவப்பு ஸ்டிக்கர் இருக்கா? இருந்தா ஏன்னு நர்ஸ் அக்காகிட்ட கேளுங்க.

* சத்து மாத்திரை போட்டதும் டீயை நீட்டாதீங்க. எலுமிச்சை ஜூஸ் கொடுங்க. அதுல இருக்கிற வைட்டமின் சி இரும்புச்சத்தை இழுத்துக்க உதவும்.

* அசைவு குறைஞ்சா 'ஜில்லுனு தண்ணி குடி, ஸ்வீட் சாப்பிடு, காலையில பார்ப்போம்'னு பாட்டி வைத்தியம் வேண்டாம். அன்னிக்கே ஆஸ்பத்திரி. ராத்திரியா இருந்தாலும் சரி. வண்டி இல்லையா? 108.

* தலைவலி, கண் மங்கல், முகம் வீக்கம், ரத்தப்போக்கு, தண்ணி உடையறது... இதுல எது வந்தாலும் அதே ரூல்தான்.

* உங்க குடும்பத்துலயோ சமூகத்துலயோ சிக்கிள் செல் இருக்கா? கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிக்குங்க. ரெண்டு பேருமே கேரியர்னா, ஒவ்வொரு கர்ப்பத்துலயும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீத வாய்ப்பு. பத்துப் பொருத்தம் பார்க்கிற ஊர்ல பதினோராவது பொருத்தமா இதையும் பார்த்தா குறைஞ்சா போயிடும்?

* பயோ-மெடிக்கல், எலக்ட்ரானிக்ஸ் பசங்களே... ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடி மண்டையை உடைச்சுக்காதீங்க. கரன்ட் போனாலும் வேலை செய்யுற, மலைச்சரிவுல தூக்கிக்கிட்டுப் போகக்கூடிய, கிராஃபை டவுன் டாக்டருக்கு அனுப்புற மெஷினுக்கு இன்னமும் தேவை இருக்கு. ஆனா டிசைன் போடறதுக்கு முன்னாடி அதை யூஸ் பண்ணப் போற நர்ஸ் அக்காவோட ஒரு நாள் நடந்து பாருங்க. அவங்க பையில எவ்வளவு வெயிட் தாங்கும்னு அப்பத்தான் தெரியும்.

இப்ப அந்த முக்கியமான கேள்வி. அக்காவுக்கு போன் பண்றீங்க. வழக்கமா என்ன கேட்போம்? 'சாப்பிட்டியா? மாமா எங்க? எனக்கு ரீசார்ஜ் பண்ணி விடேன்!' இனிமே அதோட இன்னொண்ணையும் சேர்த்துக்குங்க...

''அக்கா, பாப்பா இன்னிக்கு வழக்கம்போல ஆடிச்சா?''

'ஆடுது ஆடுது, உன்னை மாதிரியே ஒரு இடத்துல இருக்க மாட்டேங்குது'ன்னு பதில் வந்தா, சிரிச்சுட்டு போனை வைங்க. 'காலையிலேர்ந்து கொஞ்சம் கம்மிதான்டா...'ன்னு இழுத்தா, ரீசார்ஜை மறந்துடுங்க. மாமாவை எழுப்புங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க!